எல்லாருக்கும் ஒரே முகூர்த்தம்

ஆனந்தகுமாருக்குக் கல்யாணம் நடந்தபோது அவன் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான் என்று கம்ப்யூட்டர் சொன்னது.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் படித்தான். மணமகன் ஆனந்தகுமார், வயது பதினான்கு. மணமகள் பிருந்தா, வயது பன்னிரண்டு. திருமணம் நடந்தது 2010 ஆகஸ்ட்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

பக்கத்து மேஜையிலிருந்து டைப்பிஸ்ட் தெரசாள் எழுந்து வந்தாள். பாலவனத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்துக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுகிற மனசு. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"அய்யய்ய. ட்ரவுசர் போட்ட வயசுல தாலி கட்டியிருக்கியே தம்பி."

"விளையாடாதீக. தேதி எப்படி இப்படி மாறுச்சு?"

"உனக்கு மட்டுமா மாறிருக்கு? கீழ தள்ளிப் பாரு."

தள்ளினான். வீரசோழனில் நடந்த நிக்காஹ், மல்லாங்கிணறு மண்டபத்தில் நடந்த கல்யாணம், தெரசாளின் தங்கை மகள் சர்ச்சில் மோதிரம் மாற்றியது, எல்லாம் அதே நாள். ஆலடிநத்தம் பதிவு அலுவலகத்தின் எல்லைக்குள் இருந்த அத்தனை ஜோடியும் ஒரே நாளில், ஒரே மூச்சில் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஆனந்தகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டான்.

அந்த அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டருக்குள் கல்யாணங்களைப் பதிய ஒரு மென்பொருள் இருந்தது. அதை விற்ற கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய் வெகு காலம் ஆயிற்று. 2011-இல் அதன் உரிமக் காலம் முடிந்தது. திறந்தால், "காலம் முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். அப்போது கிளார்க்காக இருந்த நவநீதகிருஷ்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்தால், அது ஏமாந்துபோய்த் திறந்துகொண்டது.

எந்தத் தேதிக்குத் தள்ளுவது என்ற கேள்வி வந்தது. அதையும் அவரே தீர்த்துவைத்தார்.

"கல்யாணத்தைப் பதியிற பெட்டி. அஷ்டமி நவமியில நிறுத்தி வைக்கக் கூடாது."

பழைய தினசரிக் காலண்டரைத் தேடிப் பிடித்து, ஆவணி மாதத்தில் நல்ல வளர்பிறை முகூர்த்தமாக ஒரு நாளைப் பார்த்து, அந்தத் தாளைக் கிழித்துத் திரையின் ஓரத்தில் ஒட்டினார். அன்றிலிருந்து, காலையில் முதலில் வருகிறவர் கம்ப்யூட்டரைப் போட்டு, தேதியை அந்த முகூர்த்தத்துக்குத் திருப்பி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. மென்பொருளும் தன் பங்குக்கு, அன்றைய தேதியையே கல்யாண நாளாகப் போட்டு வைத்தது. அச்சடித்த சான்றிதழில் சரியான தேதியைப் பேனாவால் எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிடுவார்கள். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெட்டிக்குள்தான் ஊரே ஒரே முகூர்த்தத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

ஆனந்தகுமாரும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைச் செய்து வந்தவன்தான். பல் விளக்குவதுபோல் பழகிப்போனதால், பழைய பெட்டியில் இருந்ததையெல்லாம் அரசாங்கத்தின் புது இணையதளத்துக்கு ஏற்றும்போது அது நினைவுக்கு வரவே இல்லை.

இத்தனைக்கும் அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை. இப்போது கண்காணிப்பாளராகிவிட்ட நவநீதகிருஷ்ணன், "பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்ப்பா. நல்லா ஓடுற பெட்டியை எதுக்குச் சொறியணும்?" என்றுதான் சொன்னார்.

அவன்தான் கேட்கவில்லை. காரணம், பிருந்தா.

பிருந்தா அரசுப் பள்ளி ஆசிரியை. ஓசூர் தாண்டி, காட்டு யானை வந்தால் பள்ளிக்கு விடுமுறை விடுகிற ஊரில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில், அவர்கள் குடும்பம் நடத்தியதில் பாதி மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நடந்திருந்தது. சனிக்கிழமை வந்து இறங்குவாள், அலுப்பில் தூங்குவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏற்றிவிட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நின்று அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டும்போது, "அடுத்த வாரம் முழிச்சிருக்கேங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். அடுத்த வாரமும் தூங்குவாள்.

நாளைக் காலையில் ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு. கணவனும் மனைவியும் ஒரே பகுதியில் வேலை பார்க்க முன்னுரிமை உண்டு. ஆனால் இந்த வருடம் பேனாவால் தேதி எழுதிய சான்றிதழ் செல்லாது, இணையதளத்தில் எடுத்ததுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதை இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவள் அனுப்பியாக வேண்டும். விட்டால் இன்னும் ஒரு வருடம் மாட்டுத்தாவணி.

"நான் பாத்துக்கிறேன் சார். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன்" என்று கண்காணிப்பாளரிடம் அவன் காலையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான். இப்போது மணி பதினொன்று. போன் அடித்தது.

"ஆலடிநத்தம் பதிவு அலுவலகமா? குழந்தைகள் பாதுகாப்புல இருந்து பேசுறோம். உங்க எல்லையில ஒரே நாள்ல ஏகப்பட்ட குழந்தைத் திருமணம் நடந்திருக்குன்னு எங்களுக்குத் தகவல் வந்திருக்கு."

புது இணையதளம் சும்மா இருக்கவில்லை. வயது குறைவாக இருந்தவர்களையெல்லாம் பொறுக்கி எடுத்துத் தானாகவே புகார் அனுப்பியிருந்தது.

"மேடம், அது தேதிக் கோளாறு. நான் சரி பண்ணிடுறேன்."

"முதல்ல ஒரு பிள்ளையப் பத்திச் சொல்லுங்க. பிருந்தா, பன்னெண்டு வயசு. இப்ப எங்க இருக்கா அந்தப் பிள்ள?"

"ஸ்கூல்ல இருக்கா மேடம்."

"அப்பாடா. படிக்கிறாளா?"

"இல்ல மேடம், பாடம் எடுக்கிறா."

"பன்னெண்டு வயசுப் பிள்ளையை வேலைக்கு வேற அனுப்புறாகளா?"

அவன் விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. போனை வைத்ததும், தன் பதிவை மட்டும் திறந்து, தேதி இருந்த கட்டத்தில் தன் உண்மையான கல்யாண நாளைப் போட்டான். 2023, தை மாதம். '2010 ஆகஸ்ட் தேதி உள்ள பதிவைத் திருத்தவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான்.

அது சொன்ன சொல் தவறவில்லை. அந்தத் தேதி உள்ள பதிவுகள் அத்தனையையும் திருத்திவிட்டது.

"தம்பி, இப்ப ஊருக்கே தையில கல்யாணம்" என்றாள் தெரசாள். "என் தங்கச்சி மகளுக்கு மூத்தது யூகேஜி போகுது."

இது தெரிந்து அவன் நாற்காலியில் சாய்வதற்குள் கண்காணிப்பாளரின் அறைக்குள் போன் அடித்தது. இணையதளம் ஒவ்வொரு ஜோடிக்கும் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. 'உங்கள் திருமண நாள் திருத்தப்பட்டது. வாழ்த்துகள்.' நவநீதகிருஷ்ணனும் பாஸ்போர்ட்டுக்காகத் தன் கல்யாணத்தை அதே பெட்டியில் பதிந்து வைத்திருந்தவர். கதவு சாத்தியிருந்தும் அவர் மனைவி சந்தனம்மாளின் குரல் வெளியே கேட்டது.

"காலேஜ் முடிக்கப் போற மகளை வச்சுக்கிட்டு, ரெண்டு வருசத்துக்கு முன்னாலதான் என்னையக் கட்டினீகளாக்கும்? சம்பந்தம் பேச வந்தவுக முன்னால மெசேஜப் படிச்சுத் தொலைச்சுட்டேன்."

"சந்தனம், அது கம்ப்யூட்டரு..."

"கம்ப்யூட்டரு ஏன் உங்க மேல மட்டும் பொய் சொல்லுது?"

கண்காணிப்பாளர் வெளியே வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "ஏப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸு. எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுரு. என் மகளுக்கு நல்ல இடம் வந்திருக்கு."

ஆனந்தகுமார் இணையதளத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். போன் வெகுநேரம் நாதஸ்வரம் வாசித்தது; பிறகு ஒரு இளம்பெண் எடுத்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"கவலையே படாதீங்க சார். வலது மூலையில 'பழைய நிலைக்குத் திரும்பு'ன்னு இருக்கா? அதை அமுக்குங்க."

"அமுக்கினா வேற ஒண்ணும் ஆகாதே?"

"பழைய பதிவு அப்படியே வந்துரும் சார்."

அமுக்கினான். பழைய பதிவு அப்படியே வந்தது. புதுப் பதிவும் போகவில்லை.

இப்போது எல்லாருக்கும் இரண்டு கல்யாணம்.

ஆனந்தகுமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் மனைவி, பிருந்தா. இரண்டாம் மனைவி, பிருந்தா. அதற்குக் கீழே சிவப்பில், 'முதல் திருமணம் நடப்பில் இருக்கும்போதே இரண்டாம் திருமணம். மணமகன் அரசு ஊழியர். துறை நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது.'

"யாருக்கு அனுப்பியிருக்கு?" என்று தெரசாள் கேட்டாள்.

பதில் கண்காணிப்பாளரின் அறையிலிருந்து வந்தது. அவர் கையில் இரண்டு தாள்கள், இரண்டிலும் சூடு ஆறவில்லை.

"இது உனக்கு மெமோ. ரெண்டு பொண்டாட்டி வச்சிருக்கிறதுக்கு விளக்கம் கேட்டு, நான் குடுக்கணும்."

"அது என்ன சார் இன்னொண்ணு?"

"அது எனக்கு மெமோ. அதையும் நான்தான் குடுக்கணும்." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு நாளைக்குள்ள எனக்கு நானே பதில் சொல்லலேன்னா, என் மேல நான் கடும் நடவடிக்கை எடுக்கணுமாம்."

அதற்குள் கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் ஆளாக நின்றது மல்லாங்கிணற்றுக்காரர் அழகுராஜா. போன மாதம்தான் கல்யாணம் பண்ணியவர். பக்கத்தில் புது மஞ்சள் கயிறு காயாத மனைவி, கையில் போனோடு.

"சார், நீங்களே சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். "எனக்கு இவுகளைக் கட்டி ஒரு மாசம் ஆகுது. காலையில பதினஞ்சு வருசத்துக்கு முன்னால கட்டுனதா மெசேஜ் வந்துச்சு. சரி, கோளாறுன்னு நெனச்சேன். அப்பறம் ரெண்டு வருசம்னு வந்துச்சு. இப்ப ரெண்டு பொண்டாட்டிங்குது. எனக்குத் தெரிஞ்சாகணும், மத்தவ எவ?"

"ஏ பிள்ள, ரெண்டும் ஒம்பேர்தான போட்டிருக்கு" என்றார் அழகுராஜா.

"எம்பேர்லயே இன்னொருத்தியப் பாத்திருக்கீகன்னா எம்புட்டு விவரம் இருக்கணும்?"

ஆனந்தகுமார் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தான். மணி நாலு தாண்டியிருந்தது. பிருந்தாவிடமிருந்து மூன்று தவறிய அழைப்பு. நாலாவதை எடுத்தான்.

"என்னங்க, ஆச்சா? இங்க எல்லாரும் அனுப்பி முடிச்சுட்டாக."

"ஆகிட்டே இருக்கு."

"குரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. உன்னைய ரெண்டாந் தடவை கட்டியிருக்கேன்."

"என்னது?"

"வந்து சொல்றேன். வையி."

உதவி எண்ணில் மறுபடி நாதஸ்வரம். மறுபடி அதே பெண். இந்த முறை அவள் குரலிலும் தெம்பு குறைந்திருந்தது. "சார், மொத்தமா சரி பண்ண எங்களுக்கு ரெண்டு நாள் ஆகும். உங்களுக்கு அவசரம்னா உங்க பதிவை மட்டும் கையால பண்ணுங்க. பழைய கல்யாணத்தை முடிச்சு வைங்க. உடனே புதுசுக்குச் சான்றிதழ் வந்துரும்."

முடித்து வைப்பதற்கு இன்னொரு ஊழியர்தான் உள்ளே நுழைய வேண்டும், சொந்தப் பதிவில் கை வைக்கக் கூடாது என்றது இணையதளம். தெரசாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

கவுண்டரில் நிலைமை முற்றிக்கொண்டிருந்தது. வீரசோழனிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர், "ரெண்டு கல்யாணம்னு போட்டதுக்குக் கூட வருத்தமில்ல தம்பி. ரெண்டுமே அதே ஆளுன்னு போட்டுட்டீகளே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவரை முறைத்தார். அழகுராஜாவின் மனைவி தாய்வீட்டுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"தம்பி" என்று தெரசாள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "காரணம் கேக்குது. மூணு குடுத்திருக்கு. ஒண்ணைத் தொடணுமாம்."

"தவறான பதிவுன்னு இருக்கான்னு பாருங்கக்கா."

"அது இல்ல."

"அப்ப ஏதாவது ஒண்ணைப் போட்டு விடுங்க. மணி நாலே முக்கால்."

"ஏதாவதுன்னா எப்படி தம்பி? யோசிச்சுல்ல..."

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அழகுராஜாவின் மனைவி வாசல்படி இறங்கிவிட்டாள். ஆனந்தகுமார் கவுண்டரைச் சுற்றி ஓடிப்போய் அவள் முன்னால் கைகூப்பி நின்றான். தன் போனில் தனக்கு வந்த செய்தியைக் காட்டினான். கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு அவருக்கு வந்ததையும் காட்ட வைத்தான். இத்தனை வயதான மனிதருக்கும் ரெண்டு கல்யாணம் என்று பார்த்த பிறகுதான் அவள் முகம் கொஞ்சம் இளகியது. "அவரு மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

அவன் திரும்பி வந்தபோது பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனந்தகுமார், பிருந்தா, 2023 தை. சிவப்பு எழுத்து இல்லை. மெமோவும் தானாக ரத்தாகியிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, படம் எடுத்துப் பிருந்தாவுக்கு அனுப்பினான். ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அக்கா, நாளைக்கு உங்களுக்கு அருப்புக்கோட்டையில இருந்து அல்வா."

"அல்வா இருக்கட்டும். பிள்ள நல்லபடியா வீடு வந்து சேரட்டும்" என்றாள் தெரசாள். அவள் முகம் என்னவோ கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஆனந்தகுமார் போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். கணவன் மனைவி வரிசை மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்று பிருந்தா சொல்லியிருந்தாள். ஆனால் பத்தரைக்கே போன் வந்தது.

"கெடச்சிருச்சுங்க."

அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "எங்க?"

"திருச்சுழிக்கு இந்தப் பக்கம். உங்க ஆபீசுக்கு ரெண்டு ஸ்டாப்பு. ஆர்டரு கையில இருக்கு. இனிமே வாரக் கடைசியில முழிச்சே இருப்பேன், பாத்துக்கோங்க."

"ஏ பிள்ள, மத்தியானம்னு சொன்னியே?"

"அதுதான் எனக்கும் புரியல. என்னைய முதல் ஆளா கூப்பிட்டாக. சர்டிபிகேட்ட நீட்டினா, 'எல்லாம் ஸ்கிரீன்லயே வந்துருச்சும்மா, இதையெல்லாம் காட்டி நீங்க கஷ்டப்பட வேண்டாம்'னுட்டாக. எந்த ஊரு வேணும்னு அவுகளே கேட்டு, அதையே குடுத்துட்டாக. எம்புட்டு நல்ல மனுசங்க தெரியுமா?"

"பரவாயில்லயே."

"ஒரு மேடம் எந்திரிச்சு வந்து டீ வாங்கிக் குடுத்தாக. நான் நெத்தியில குங்குமம் வச்சிருக்கிறதப் பாத்துட்டு, 'இதுதாம்மா சரி, ஊரு என்ன சொன்னா என்ன, அழிக்காதீங்க'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டாக. கண்ணெல்லாம் கலங்கிருச்சு அவுகளுக்கு."

ஆனந்தகுமாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பறம்?"

"பெரிய ஆபீசர் ஒருத்தர் ரொம்ப மெதுவா, 'எப்படிம்மா ஆச்சு?'ன்னு கேட்டாரு. 'வீட்ல பாத்து முடிச்சு வச்சாக சார்'னேன். அவரு தலையில கை வச்சுக்கிட்டாரு. 'பிள்ளைங்க இருக்கா'ன்னாரு. 'இனிமேதான் சார்'னு சொன்னேன். அந்த மேடம் வாயப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டாக. ஏங்க, நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல. நீ கிளம்பி வா. பத்திரமா வா."

போனை வைத்தான். பக்கத்து மேஜையில் தெரசாள் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து மூணு காரணம் கேட்டுச்சே. அதுல எதை அக்கா தொட்டீக?"

தெரசாள் அல்வாவைக் கீழே வைத்தாள். "விவாகரத்துன்னு போட எனக்கு மனசு வரல, மனைவி மரணம்னு போட்டா வாழ வேண்டிய சின்னப் பிள்ள பாவம், அதான் தம்பி, உன்னையச் சாகடிச்சிட்டேன்."